பச்சைக் குழந்தைக்குக் காது டெஸ்ட்: ஓஏஈ போதுமா, பெரா வேண்டுமா?

பச்சைக் குழந்தையின் காது டெஸ்டில் இரண்டு பெயர்கள் அடிபடும்: உள்காதின் எதிரொலியைப் பார்க்கும் ஓஏஈ, செவிநரம்பு வழியைப் பார்க்கும் பெரா. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஓஏஈ: இரு காதும் பாஸ்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் பெற்றோர் காது விஷயத்தை அத்தோடு மறந்துவிடுகிறார்கள். 'ரெஃபர்', அதாவது பாஸ் ஆகவில்லை, மேலும் பார்க்க வேண்டும் என்று இருந்தால் சில வீடுகளில் பிள்ளைக்குக் காதே கேட்காது என்று அழுகை. சில வீடுகளில், இத்தனூண்டு பிள்ளைக்கு என்ன டெஸ்ட் என்று சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். மூன்றுமே தவறு. பாஸ் சில குழந்தைகளுக்குப் போதாது. ரெஃபர் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காது கேளாமை அல்ல. ஆனால் ரெஃபரைத் தள்ளிப்போட்டால், நிஜமாகவே குறை உள்ள குழந்தைக்கு அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

ஆயிரம் பிரசவத்துக்கு 1 முதல் 3 குழந்தைகள் நிரந்தரச் செவித்திறன் குறையோடு பிறக்கின்றன. என்ஐசியு என்னும் பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வரும் குழந்தைகளில் இது பல மடங்கு கூடுதல். 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை செய்து முடிவு, 6 மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. கீழே சொல்வதையெல்லாம் இந்த 1, 3, 6 என்ற வரிசையை வைத்தே எடைபோட வேண்டும்.

ஓஏஈ எதைப் பார்க்கிறது

ஓஏஈ 'குழந்தைக்குக் கேட்கிறதா' என்று நேரடியாகப் பார்ப்பதில்லை. உள்காதில் இருக்கும் காக்ளியா என்னும் நத்தைச் சுருளின் உள்ளே வெளிவரிசை மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. சத்தம் உள்ளே போனால் அவை அசைந்து, தாங்களே ஒரு மெல்லிய எதிரொலியை வெளியே அனுப்பும். டேவிட் கெம்ப் 1978-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். காதுக்குள் வைக்கும் சின்னப் ப்ரோப் ஒன்று சத்தத்தைக் கொடுத்து, அந்த எதிரொலியைப் பிடிக்கிறது. எதிரொலி வந்தால் பாஸ். சுமார் 30, 35 டெசிபலுக்கு மேல் குறை இருந்தால் வராது. குழந்தை அசையாமல் தூங்கினால் இரண்டு காதும் சேர்த்து ஐந்து நிமிட வேலைதான். தலையில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு. பல ஆஸ்பத்திரிகளில் இதையே முதலில் செய்வதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

இதன் பலவீனம் இரண்டு. முதலாவது, அந்த எதிரொலி மிக மெல்லியது. காதுக் குழாயில் பிறந்தபோது ஒட்டியிருந்த வெள்ளைப் பூச்சு அடைத்திருந்தாலோ, நடுக்காதில் நீர் தங்கியிருந்தாலோ காக்ளியா நன்றாக இருந்தும் ரெஃபர் வரும். இந்த அடைப்பு பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் தானாகக் குறைந்துவிடும். அதனால் சுகப்பிரசவம் என்றால் வீட்டுக்குக் கிளம்பும் நாள் காலையில் எடுப்பதே நல்லது. பிறந்த அன்றே எடுத்தால் வீண் ரெஃபர்தான் கூடும். சிசேரியன் குழந்தைகளுக்கு இந்த நீர் வடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். எப்படியும் சில நாள் தங்குகிறார்கள் என்பதால் மூன்றாம் நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம்.

அடைப்பு நீங்கட்டும் என்று காதில் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் பீச்சுவது, குளிப்பாட்டியதும் வாய் வைத்து ஊதுவது எதுவும் வேண்டாம். இவற்றால் குழாயில் ஈரம் சேரும். டெஸ்ட் இன்னும் கெடும்.

இரண்டாவது பலவீனம் பெரிது. மயிரிழைச் செல்கள் நன்றாக இருந்து, அதற்குப் பின்னால் நரம்பின் வழியே செய்தி ஒழுங்காகப் போகாத நிலை உண்டு. ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். திருவிழா மைக்செட்டில் மைக் நன்றாக இருந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர் மட்டும் அறுந்திருப்பது மாதிரி. இந்தக் குழந்தைகளுக்கு ஓஏஈ அழகாக 'பாஸ்' காட்டும்.

ஏஏபிஆர் எங்கே மேல்

ஏஏபிஆர் என்பது தானியங்கி பெரா. 35 டெசிபல் அளவில் 'டிக் டிக்' என்று கிளிக் ஒலி கொடுத்து, அந்தச் செய்தி செவிநரம்பு வழியாக மூளைத் தண்டு வரை போகிறதா என்பதைத் தோலில் ஒட்டிய எலக்ட்ரோடுகள் மூலம் பார்க்கிறது. முடிவை மெஷினே பாஸ், ரெஃபர் என்று சொல்லிவிடும். அலையைப் படிக்க ஆள் தேவையில்லை. நரம்புக் கோளாறு இதில் அகப்படும். நடுக்காதில் கொஞ்சம் நீர் இருந்தாலும் ஓஏஈ அளவுக்கு இது தடுமாறுவதில்லை. ஆகவே வீண் ரெஃபரும் குறைவு.

குறையும் உண்டு. எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும், குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும், ஒட்டுவதையும் சேர்த்து கால் மணி நேரமாவது ஆகும், ஒவ்வொரு குழந்தைக்கும் எலக்ட்ரோடு செலவு இருக்கிறது. 35 டெசிபலுக்குக் கீழான லேசான குறையும், கிளிக் அதிகம் தொடாத ஸ்வரங்களில் மட்டும் உள்ள குறையும் நழுவிவிடலாம்.

ஒட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெஸ்ட் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு எலக்ட்ரோடு நெற்றியில், தலைமுடி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே. மற்றவை மெஷினைப் பொறுத்துப் பிடரியிலோ, தோளிலோ, காதுக்குப் பின்னாலோ. நம் ஊரில் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தலை நிறைய எண்ணெய், முகத்தில் பவுடர், நெற்றியில் பெரிய மைப் பொட்டு. எலக்ட்ரோடு உட்கார வேண்டிய இடத்தில் பொட்டு உட்கார்ந்திருக்கும். அதைத் துடைத்து, எண்ணெய் போகத் தேய்த்து, ஜெல் வைத்து மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவதற்குள் குழந்தை விழித்துவிடும். ஆகவே டெஸ்ட் அன்று தலைக்குச் சோப்போ ஷாம்போ போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய், பவுடர், பொட்டு இல்லாமல் கொண்டு வாருங்கள். திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம். கொலுசையும் கழற்றிவிடுங்கள், குழந்தை காலை உதறும்போது வரும் மணிச் சத்தம் ஓஏஈ மைக்கில் அப்படியே விழும்.

எந்தக் குழந்தைக்கு எது

நிறை மாதத்தில் பிறந்து, பிறந்ததும் அழுது, தாயோடு வார்டிலேயே இருந்த குழந்தைக்கு முதல் படியாக ஓஏஈ போதும். ஏஏபிஆர் வசதி இருந்தால் நல்லதுதான். இல்லை என்பதற்காக ஓஏஈ-யையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

என்ஐசியு-வில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஏஏபிஆர்தான். இதில் 'ஓஏஈ பாஸ் ஆகிவிட்டதே' என்ற சமாதானத்தை ஏற்கவே கூடாது. பிறந்ததும் மூச்சுத் திணறிய குழந்தை, ரத்தமாற்று வரை போன மஞ்சள் காமாலை, மிகக் குறைந்த எடை: நரம்புக் கோளாறு கூடுதலாக வருவது இவர்களிடம்தான். லைட்டில் இரண்டு நாள் வைத்து இறங்கிப்போன சாதாரணக் காமாலை இந்தக் கணக்கில் வராது. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் 5 நாளுக்கு மேல் போட்டிருந்தால் அதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்துச் சொல்லுங்கள்; அவை மயிரிழைச் செல்களையே தாக்கக் கூடியவை. குறைமாதக் குழந்தைக்கு 34 வார வளர்ச்சி முடிந்து, உடம்பு தேறி, வீட்டுக்குப் போகும் முன் எடுப்பதே சரியான நேரம்.

தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொண்ட பெற்றோர் 'எங்கள் பிள்ளைக்குத் தனி டெஸ்ட் வேண்டுமா' என்று கேட்பார்கள். மதுரைப் பக்கம் அந்தத் திருமணங்கள் அதிகம், கேட்பதும் நியாயம். தாய் தந்தை இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை மறைந்திருந்து, அது குழந்தையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுகிறது. இந்தியாவில் இப்படி அதிகம் காணப்படும் ஜிஜேபி2 மரபணுக் குறை காக்ளியாவைத் தாக்குவது. பிறவியிலேயே இருந்தால் பெரும்பாலும் ஓஏஈ-யில் ரெஃபர் ஆகிவிடும். எனவே சொந்தம் என்ற ஒரே காரணத்துக்காக நேரே பெராவுக்கு ஓட வேண்டியதில்லை. மூத்த பிள்ளைக்கோ, நெருங்கிய சொந்தத்தில் வேறு குழந்தைக்கோ சின்ன வயதிலேயே காது கேளாமை இருந்தால் நிலைமை வேறு: ஓஏஈ, ஏஏபிஆர் இரண்டும் எடுத்து, இரண்டும் பாஸ் ஆனாலும் 9 மாதத்துக்குள் ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். சில மரபுக் குறைகள் பிறந்த பிறகே தலைகாட்டும்.

ரெஃபர் வந்தால்

ஓஏஈ ரெஃபர் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் மறு ஸ்கிரீனிங். ஒரு காதுதான் ரெஃபர் என்றாலும் இரண்டு காதையும் எடுக்க வேண்டும். ஒரே உட்காரலில் பாஸ் வரும் வரை பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது கூடாது. முயற்சி கூடக்கூட, குறை உள்ள காதும் தற்செயலாகப் பாஸ் ஆகிவிடும் வாய்ப்பு கூடும். ஒழுங்காக நடக்கும் ஒரு ஸ்கிரீனிங் திட்டத்தில், எல்லாச் சுற்றும் முடிந்து முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள் 100-க்கு 4 பேருக்குள்தான் இருக்க வேண்டும்.

ஓஏஈ ரெஃபர் ஆனவரை ஏஏபிஆர் கொண்டு திரும்பப் பார்க்கலாம். ஏஏபிஆர் ரெஃபர் ஆனவரை ஓஏஈ கொண்டு பாஸ் போடக் கூடாது. நரம்புக் கோளாறு உள்ள குழந்தை நழுவுவது சரியாக இந்த ஓட்டை வழியாகத்தான். மறு ஸ்கிரீனிங்குக்கு எந்த மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று போனிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மறுபடியும் ரெஃபர் என்றால் டயக்னாஸ்டிக் பெரா, அதாவது ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அலையைப் படித்து எவ்வளவு குறை என்று பார்க்கும் முழுப் பரிசோதனை. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கலாம். அங்கன்வாடி, பள்ளி வழியாக வரும் ஆர்பிஎஸ்கே (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு சந்தேகப்பட்டு அனுப்பும் குழந்தைகளுக்கு, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் என்ற வழி இருக்கிறது. தனியாரில் எடுப்பதானால், எடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா என்று பாருங்கள்.

பெராவா, ஏஎஸ்எஸ்ஆரா

சில இடங்களில் இரண்டையும் மெனு மாதிரி வைத்து எது வேண்டும் என்கிறார்கள். பெராவில் கிராஃபில் வரிசையாகத் தெரியும் அலைகளில் ஐந்தாம் அலையை ஆடியாலஜிஸ்ட் தேடிக்கொண்டே சத்தத்தைக் குறைத்துப் போவார். அலை தெரியும் கடைசி அளவுதான் கணக்கு. கிளிக் ஒலியில் மட்டும் எடுத்தால் உத்தேசமாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதி தெரியும். காது மெஷின் பொருத்த அது போதாது. டோன் பர்ஸ்ட் (ஒரே ஸ்வரத்தில் வரும் சிறு ஒலி) கொண்டு 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் தனித்தனியே வேண்டும். குழந்தை விழித்துக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு என்பதால் அனுபவம் உள்ளவர்கள் 2000-ஐயும் 500-ஐயும் முதலில் முடித்துவிடுவார்கள். சத்தத்தைக் காதுக் குழாய் வழியாக அல்லாமல் மண்டை எலும்பு வழியாகக் கொடுக்கும் எலும்பு வழி பெராவும் எடுத்தால்தான் குறை நடுக்காதிலா உள்காதிலா என்று பிரியும்.

ஏஎஸ்எஸ்ஆரும் பெரா போல எலக்ட்ரோடு ஒட்டி எடுப்பதுதான்; இது நான்கு அலைவரிசைகளையும் சேர்த்துப் பார்த்து, கணினியே ஆடியோகிராம் போல வரைந்து கொடுக்கும். பெராவில் சுமார் 90, 95 டெசிபலோடு நின்றுவிட வேண்டியிருக்கும். ஏஎஸ்எஸ்ஆரில் அதற்கும் மேலே போகலாம். எனவே பெராவில் ஒன்றுமே வராத குழந்தையிடம் மிச்சக் கேள்வித்திறன் இருக்கிறதா என்று பார்க்க இது உதவும். ஆனால் நரம்புக் கோளாறை ஏஎஸ்எஸ்ஆர் பிரித்துக் காட்டாது. அதற்குப் பெராவில் கிளிக்கின் துருவத்தை (பாசிட்டிவ், நெகட்டிவ்) மாற்றி இரண்டு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டோன் பர்ஸ்ட் பெராவை எடுங்கள். ஏஎஸ்எஸ்ஆர் கூடச் சேர்க்க வேண்டியது, தனியாக நிற்கக் கூடியது அல்ல.

கூடவே செவிப்பறையும் நடுக்காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி செய்வார்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் 1000 ஹெர்ட்ஸ் ப்ரோப் ஒலியில் செய்ய வேண்டும். பெரியவர்களுக்குப் பயன்படுத்தும் 226 ஹெர்ட்ஸில் எடுத்தால், பச்சைக் குழந்தையின் காதுக் குழாய் ரப்பர் போல வளைந்துகொடுப்பதால் நீர் தங்கியிருந்தும் நார்மல் என்று காட்டிவிடும். ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'சிவியர் லாஸ்' என்று ஒற்றை வரி எழுதி அலை வரைபடம் இல்லாமல் கொடுக்கும் பெராவை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வேறு டாக்டரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டும்போது அந்த வரைபடம்தான் பேசும்.

தூக்கம்தான் பாதி டெஸ்ட்

பெராவுக்கு முக்கால் மணி நேரமாவது, டோன் பர்ஸ்டும் எலும்பு வழியும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம்கூடத் தூக்கம் வேண்டும். 4 மாதம் வரை இயற்கைத் தூக்கத்திலேயே முடித்துவிடலாம். 3 மாதத்துக்குள் வாருங்கள் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வருபவர்களுக்கு நடப்பது இதுதான்: ஜன்னல் காற்றில் குழந்தை வழியெல்லாம் தூங்கி, டெஸ்ட் அறைக்கு வந்ததும் கொட்டக் கொட்ட விழித்துச் சிரிக்கும். அன்று பெரா நடக்காது. காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் விளையாட்டுக் காட்டித் தூங்கவிடாமல் கொண்டு வாருங்கள். பாலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, எலக்ட்ரோடு ஒட்டிய பிறகு அங்கேயே கொடுத்தால் அப்படியே தூங்கிவிடும். மாற்றுத் துணி, வழக்கமான போர்வை, வீட்டில் தூளியில் போடும் பழைய சேலை எல்லாம் கூட எடுத்து வாருங்கள்.

பெரிய குழந்தைக்குத் தூக்க மருந்து தேவைப்படும். டிரைக்ளோஃபாஸ் சிரப் வழக்கமாகக் கொடுப்பது. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் எழுத வேண்டும். கொடுப்பதும் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் ஆளும் பக்கத்தில் இருக்கும்போதுதான். வீட்டிலேயே கொடுத்துத் தூங்க வைத்துத் தூக்கி வாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சளி, காய்ச்சல், தூக்கத்தில் குறட்டை இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தேதியை மாற்றுங்கள். மருந்து கொடுப்பதாக இருந்தால் மேலே சொன்ன 'அங்கேயே பால்' பொருந்தாது. எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று அவர்கள் சொல்வதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

6 மாதம் தாண்டிய குழந்தை

இங்கே குழந்தையே பதில் சொல்லத் தொடங்குகிறது. 6 மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை விஆர்ஏ: தாய் மடியில் உட்கார்ந்த குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பினால் விளக்கெரிந்து பொம்மை ஆடும். அதைப் பழக்கிவிட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். தாய் தன்னையறியாமல் தலையைத் திருப்பினால்கூடக் குழந்தைக்குத் துப்புக் கிடைத்துவிடும், அசையாமல் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் எடுத்தால் நல்ல காதின் அளவுதான் தெரியும். ஒரு பக்கக் குறையைப் பார்க்கக் காதுக்குள் வைக்கும் இயர்போன் வேண்டும். இரண்டரை வயதுக்கு மேல் சத்தம் கேட்டதும் டப்பாவில் ஒரு கட்டையைப் போடச் சொல்லி விளையாட்டாக எடுப்பார்கள். குறைமாதக் குழந்தைக்கும் வளர்ச்சி தாமதமான குழந்தைக்கும் பிறந்த தேதியைவிட வளர்ச்சி வயதே கணக்கு.

பெரா இருக்க இது எதற்கு என்றால், பெரா நரம்பு வேலை செய்வதைக் காட்டுகிறது, விஆர்ஏ குழந்தை கேட்டுப் பொருட்படுத்துவதைக் காட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் காது மெஷின் அளவை நம்பிக்கையோடு வைக்க முடியும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்றைத் திரும்ப எடுக்க வேண்டும். குறிப்பாகக் காமாலைக்குப் பிறகு வரும் நரம்புக் கோளாறு சில குழந்தைகளிடம் மாதக் கணக்கில் தானாகவே தேறுவதும் உண்டு. ஒரே ஒரு பெராவை வைத்துக் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) முடிவுக்குப் போகக் கூடாது.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பதை எந்த வயதிலும் டெஸ்டாக எண்ண வேண்டாம். தரையின் அதிர்வு, காற்று, கண்ணோரம் தெரியும் கை அசைவு எல்லாவற்றுக்கும் குழந்தை திரும்பும். மிதமான குறையும், ஒரு பக்கக் குறையும் இதில் தெரியவே தெரியாது. 'இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்' என்று பாட்டி ஆறுதல் சொல்வது பாசம்தான், ஆனால் ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட வராத குழந்தைக்கு அன்றே காது டெஸ்ட் எடுக்க வேண்டும். பிறந்தபோது பாஸ் ஆகியிருந்தாலும் சரி.

குறை உறுதியானால் ஒரு மாதத்துக்குள் மெஷின் போட்டுவிட வேண்டும். காது வளர்வதால் மோல்டை (காதுக்குள் பொருந்தும் அச்சு) சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். மோல்டு தளர்ந்தால் 'கீச்' என்று கத்தும், அதற்காகச் சத்தத்தைக் குறைத்துவிடாமல் புது மோல்டு எடுங்கள். மெஷின் போதாத கடும் குறைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. 6 வயது வரை நேரம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் கொள்ளாதீர்கள். பேச்சு நன்றாக வர வேண்டுமானால் முதல் இரண்டு வயதுக்குள் போவதே மேல்.

இந்த வரிசை எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டிய ஒரு நிலை உண்டு: மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்). முன்பு எத்தனை தடவை பாஸ் ஆன குழந்தையாக இருந்தாலும், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைக்கத் தொடங்கலாம். அடைத்துவிட்டால் இம்ப்ளான்டின் எலக்ட்ரோடை உள்ளே செலுத்துவது கடினம். அந்தக் குழந்தைக்கு டிஸ்சார்ஜ் ஆகும் முன்போ, ஆன சில வாரங்களுக்குள்ளோ பெரா எடுத்தாக வேண்டும். குறை தெரிந்தால் மெஷின் போட்டு மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காமல், ஸ்கேனுக்கும் இம்ப்ளான்ட் டாக்டரிடமும் உடனே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.